வெறும் சுளுக்கா, எலும்பு விலகலா? மணிக்கட்டில் அடிபட்டால் கவனிக்க வேண்டியவை!

பைக்கில் இருந்து விழுந்தாலும் சரி, ஏணியில் இருந்து சறுக்கினாலும் சரி, யோசிக்காமல் கையைத்தான் ஊன்றுவோம். உடம்பின் மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கும். கை வீங்கினால், "சும்மா சுளுக்குதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடுவோம். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால், அரிதாகச் சிலருக்கு உள்ளே எலும்பே இடம் மாறியிருக்கும்.

எந்த எலும்பு விலகுகிறது?

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது பிறை வடிவில் இருக்கும் 'லூனேட்'. லத்தீன் மொழியில் 'லூனா' என்றால் நிலா. இந்த எலும்புகளைத் தசைநார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

கை பின்பக்கமாக மடங்கி, பலமாக அடிபடும்போது தசைநார்கள் ஒவ்வொன்றாகக் கிழியும். லூனேட் அதன் இடத்திலேயே இருக்க, சுற்றியுள்ள எலும்புகள் விலகினால் அது 'பெரிலூனேட்' விலகல். லூனேட்டே உள்ளங்கைப் பக்கம் தள்ளப்பட்டால் அது லூனேட் விலகல். பலருக்கு இதோடு பக்கத்தில் உள்ள 'ஸ்கேஃபாய்ட்' எலும்பும் முறிந்துவிடும்.

எப்படித் தவறவிடுகிறார்கள்?

இதுதான் சிக்கலே! 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்ட 166 பேரில் 25 சதவீதம் பேருக்கு முதலில் இந்தக் காயம் கண்டுபிடிக்கப்படவில்லை.

காரணம், முன்பக்க எக்ஸ்ரேயில் சிறிய எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அதிலும் தடயம் கிடைக்கும். நாற்கரமாகத் தெரிய வேண்டிய லூனேட், முக்கோணமாகத் தெரியும்.

ஆனால், உண்மையைப் போட்டு உடைப்பது பக்கவாட்டு எக்ஸ்ரேதான். அதில் முன்கை எலும்பு, லூனேட், அதற்கு மேலுள்ள 'கேப்பிடேட்' மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். லூனேட் விலகியிருந்தால், சாய்ந்து கொட்டும் டீ கப் போலத் தெரியும். கூடவே உள்ள முறிவுகளைத் தெளிவாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் உதவும்.

விரல் மரத்துப்போனால் உஷார்!

விலகிய எலும்பு, மணிக்கட்டு வழியாகச் செல்லும் 'மீடியன்' நரம்பை அழுத்தலாம். அப்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். இது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

என்ன சிகிச்சை?

முதலில் மயக்க மருந்து கொடுத்து, கையை மெதுவாக இழுத்து, எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இதனால் நரம்பின் மீதான அழுத்தம் குறையும். ஆனால், மாவுக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு மீண்டும் நழுவலாம். அதனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கிழிந்த தசைநாரைத் தைத்து, மெல்லிய கம்பிகளால் எலும்புகளைப் பிடித்து வைப்பார்கள். சில வாரங்கள் கழித்துக் கம்பிகளை எடுத்துவிட்டு பிசியோதெரபி தொடங்கும். நல்ல சிகிச்சைக்குப் பிறகும் மணிக்கட்டு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம்.

மாதக்கணக்கில் தாமதமானால், எலும்பைப் பழையபடி பொருத்துவது கடினம். சிலருக்கு லூனேட் உள்ளிட்ட 3 எலும்புகளை அகற்றவோ, மணிக்கட்டை அசையாதபடி இணைத்துவிடவோ நேரிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள், நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள்.
* வீக்கம் கூடும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள்.
* அட்டை வைத்து, கை அசையாமல் கட்டி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* எப்படி விழுந்தீர்கள், எந்த விரல் மரத்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.
* "பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் வலியும் வீக்கமும் குறையவில்லையா? எலும்பு சிகிச்சை நிபுணரிடம் மறுபடியும் காட்டுவதே நல்லது.