கரையில் நிற்பவர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாக் காலக் கபடிப் போட்டிகளை நடத்துபவர்கள் உள்ளூர் இளைஞர்களே. கோடு போடுவது முதல் நன்கொடை திரட்டுவது வரை எல்லாமே ஊதியமில்லாப் பணி. அணிக்கு எழுவர் ஆடும் வாட்டர் போலோவையும் பள்ளி மாணவர்களுக்காக இவ்வாறு நடத்த இயலுமா? 1951 டெல்லி ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்ற ஆட்டம் அது.

இயலும். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்கள் பலவற்றில் மேசைப் பணியைப் பெற்றோரே பார்க்கின்றனர். ஒருவர் கடிகாரத்தைக் கவனிப்பார். மற்றொருவர் கோல்களையும் பெருந்தவறுகளையும் குறிப்பார். மூன்று பெருந்தவறு செய்தவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது என்பதால், குறிப்பவரின் ஒரு பிழை முடிவையே மாற்றிவிடும். எனினும் இதைச் சில நாள்களில் கற்பித்துவிடலாம். நடுவர் பணி அவ்வளவு எளிதன்று. பிடித்திழுப்பது பெரும்பாலும் நீருக்கடியில் நடக்கிறது. திரட்டும் பணம் முதலில் அவருக்கும் குள வாடகைக்கும் போக வேண்டும். ஆட்ட அட்டவணையை ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளம் போன்ற பொதுக் குளங்களில் கிடைக்கும் நேரமே தீர்மானிக்கும்.

உயிர்காப்புப் பணியை மட்டும் ஆர்வத்தை நம்பி ஒப்படைக்கலாகாது. கபடியில் ஏற்பாடு பிசகினால் ஆட்டம் கெடும். இங்கே உயிர் போகும். கோல்காப்பாளர் தவிர எவரும் தரையில் ஊன்றி ஆடக் கூடாது என்பது விதி. கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய மாணவனும் களைத்தால் ஓசையின்றி மூழ்கக்கூடும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரைப் பந்து எடுத்துத் தரக்கூட அழைக்கக் கூடாது. அவர் வராத நாளில் ஆட்டமும் இல்லை என்பதைப் பள்ளிகளுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.