இலண்டன் தொடர்மாடிக் குடிபுகல், 1946: ஒரு நோக்கு

நகரங்களில் வெறுமையாகக் கிடக்கும் கட்டடங்களிலே வீடற்றோர் அனுமதியின்றிக் குடியேறுவதை 'அத்துமீறல்' என்றே நிருவாகத் தமிழ் வழங்கி வந்துள்ளது. 'அத்து' என்பது எல்லை. அது எவர் வகுத்த எல்லை என்னும் வினாவை அச்சொல் எழவே விடுவதில்லை. ஆதலின் நாம் இங்கு 'குடிபுகல்' என்ற சொல்லையே கையாளுகிறோம்.

இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியாவில் 450,000 வரையான வீடுகள் அழிந்தன அல்லது வாழத் தகுதியற்றனவாயின. புதிய வீடமைப்பும் போர்க்காலத்தில் ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. போர் முடிந்து திரும்பிய படையினர் பலர் உறவினர் வீட்டின் ஓர் அறையிலே மனைவி மக்களோடு ஒடுங்க நேர்ந்தது. 1945 இல் ஆட்சியேறிய தொழிற்கட்சி வீடுகளை வாக்களித்திருந்ததாயினும், மூலப்பொருட் பற்றாக்குறையும் தொழிலாளர் பற்றாக்குறையும் அதன் கைகளைக் கட்டின. வீடமைப்புக்குப் பொறுப்பாயிருந்த சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த இடதுசாரி என்பது மனங்கொளத்தக்கது.

1946 ஆம் ஆண்டுக் கோடையில் மக்கள் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களிற் குடிபுகத் தொடங்கினர். ஒக்ரோபரளவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர் வாழ்ந்தனர் என்பது அரசு தந்த கணக்கு. இதனை அரசு பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. உள்ளூராட்சிச் சபைகள் நீர், மின் வசதி செய்து வாடகையும் அறவிட்டன.

செப்ரெம்பர் 8 ஆம் திகதி நிலைமை மாறியது. கம்யூனிஸ்ட் கட்சியின் இலண்டன் கிளை ஒழுங்குசெய்ய, கென்சிங்ரனிலுள்ள 'டச்சஸ் ஒஃப் பெட்ஃபோர்ட் ஹவுஸ்' என்னும் ஆடம்பரத் தொடர்மாடியினுள் குடும்பங்கள் புகுந்தன. போர்க்காலத்தில் அரசு பொறுப்பேற்றிருந்த அக்கட்டடம் அப்போது வெறுமையாயிருந்தது. அடுத்தடுத்து வேறு கட்டடங்களும் நிரம்பின. இவ்வாறு இலண்டனிற் குடிபுகுந்தோர் ஏறத்தாழ 1,500 பேர்.

இந்நிகழ்ச்சியைக் கட்சியின் ஆர்ப்பாட்டமாக மட்டும் காண்போர் உளர். ஒழுங்கமைத்தது கட்சியே. எனினும் உள்ளே நிகழ்ந்தவற்றையும் நாம் நோக்குதல் வேண்டும். குடும்பங்களைப் பதிந்து அறைகளைப் பங்கிட ஒரு குழு அமைந்தது. பொதுச் சமையல் நடந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் துப்புரவுக்கும் வாயிற் காவலுக்கும் முறை வகுக்கப்பட்டது. முன்பின் அறியாதோர் சில நாட்களிலே ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டனர். வீட்டு வேலை எனப்பட்டது இங்கு பொது வேலையாயிற்று. குடித்தனத்தை நான்கு சுவர்களுக்குட்பட்ட தனியுடைமையாகக் கருதும் மத்தியதர வர்க்க நோக்கிற்கு இது புறம்பானது. ஆயின் அதனை ஒரு புதிய சமுதாயத்தின் முன்மாதிரியாகப் போற்றுவதும் மிகையே. அத்தாய்மார் வேண்டியது பூட்டக்கூடிய ஒரு கதவு.

முகாம்களைப் பொறுத்த அரசு தொடர்மாடிகளைப் பொறுக்கவில்லை. வெற்றுக் கட்டடங்களுக்குப் பொலிஸ் காவல் இடப்பட்டது. குடிபுகுந்த சில கட்டடங்கள் சுற்றிவளைக்கப்பட, உணவையும் போர்வைகளையும் உட்கொண்டுசேர்க்க ஆதரவாளர்கள் வெளியே போராட வேண்டியிருந்தது. வெறும் அத்துமீறல் அந்நாட்டில் அப்போது குடியியல் விவகாரமேயன்றிக் குற்றமன்று. ஆதலால் கட்சியினர் ஐவர்மீது, அத்துமீறலைத் தூண்டச் சதிசெய்தனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. செயல் குற்றமாகாதவிடத்து அதற்கான கூட்டுத் திட்டம் குற்றமாயிற்று. சட்டத்தின் இந்த நெகிழ்ச்சி வியப்புக்குரியது. நீதிமன்றத் தடையுத்தரவும் வந்தது. செப்ரெம்பர் 20 இல் குடும்பங்கள் டச்சஸ் ஒஃப் பெட்ஃபோர்ட் ஹவுசைவிட்டு ஒருங்கே வெளியேறித் தற்காலிக விடுதிக்குச் சென்றன. ஐவரும் பின்னர் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டனர்.

ஒரே பருவத்தில், ஒரே தேவையினால் எழுந்த இரு செயல்கள் இருவேறாக நடத்தப்பட்டதேன்? வீடமைப்பு வரிசையை மீறுவோரை அனுமதிக்க இயலாது என்பதே அரசின் வாதம். அவ்வாதம் முற்றும் போலியன்று, காத்திருந்தோரும் ஏழைகளே. ஆனால் முகாம்களிற் புகுந்தோரும் வரிசைக்கு வெளியேதான் நின்றனர். அவர்கள் எடுத்துக்கொண்டது எவருக்கும் இலாபந்தராத இராணுவக் கொட்டில். இவர்கள் எடுத்துக்கொண்டதோ உயர்ந்த வாடகை பெறவிருந்த சந்தைச் சொத்து. சோசலிசம் பேசிய ஓர் அரசாங்கமே இவ்வெல்லையில் வந்து நின்றது.

முகாம்கள் சிலவற்றில் 1950களின் பிற்பகுதியிலும் மக்கள் வாழ்ந்தனர். தொடர்மாடிக் குடித்தனம் பன்னிரண்டு நாட்களே நீடித்தது. குடியிருப்புக் கட்டடங்களில் அனுமதியின்றிக் குடிபுகுந்து வாழ்வதனை இங்கிலாந்திலும் வேல்சிலும் நேரடியாகவே குற்றமாக்கும் சட்டம் 2012 இல் நடைமுறைக்கு வந்தது.