தெரிந்த சமூகத்தைப் பயிலுதல்: மேல்நிலை வகுப்பில் சமூகவியல்

வேதியியலைத் தொடங்கும் மாணவருக்கு மூலக்கூறுகளைப் பற்றி முன்கூட்டிய கருத்து அநேகமாக இருக்காது. சமூகவியல் வகுப்புக்கு வரும் பதினாறு வயதுக்காரரோ குடும்பம், சாதி, திருமணம், உழைப்பு என எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே விளக்கம் பெற்றுவிட்டவர். என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூல் இந்தச் சிக்கலை முதல் இயலிலேயே பேசுகிறது: இந்தத் துறையில் எவரும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை, அதுவே வசதி, அதுவே இடையூறு. நூலாசிரியர்கள் அறிந்த இவ்வுண்மையைப் பாடவரிசையும் தேர்வுமுறையும் செயலிழக்கச் செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ ஒட்டி 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. சமூகவியல் நூல்களின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. பதினோராம் வகுப்பின் முதல் நூல், கடினமாகப் படித்தால் முன்னேறலாம் என்ற பெரியவர்களின் அறிவுரையை எடுத்துக்கொண்டு, முன்னேற்றம் படிப்பை மட்டுமா பொறுத்தது என்று கேட்டபடி தொடங்குகிறது. தனிமனிதத் துயரத்தையும் பொதுப் பிரச்சினையையும் இணைத்துப் பார்க்கச் சொன்ன சி. ரைட் மில்ஸ் அங்கேயே அறிமுகமாகிறார். ஆனால் அடுத்த இயலிலேயே கலைச்சொற்கள் வரிசைகட்டுகின்றன. தகுதிநிலை, பங்கு, அடுக்கமைவு, சமூகக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கடந்து ஆய்வுமுறைக்கு வரும்போது நூல் முடிந்துவிடுகிறது. அது ஐந்தாவது, கடைசி இயல். சமூகத்தைப் பற்றிய ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்று தெரியாமலே மாணவர் அதுவரை பல கூற்றுகளைப் படித்து முடித்திருப்பார்.

சோதிக்கும் பழக்கம் இல்லாதபோது வீட்டு விளக்கமே பாடமாகிவிடும். 2017இல் மகாராஷ்டிர மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் நூலின் ஒரு பகுதி சர்ச்சைக்குள்ளானது. வரதட்சிணைக்கான காரணங்களில் பெண்ணின் அழகின்மையையும் உடற்குறையையும் அது சேர்த்திருந்தது. திண்ணைப் பேச்சு, 'காரணங்கள்' என்ற தலைப்பின்கீழ் எண்ணிட்டு அச்சேறியிருந்தது. பலரும் அதை ரசனைக்குறைவு என்று கண்டித்தார்கள். என் பார்வையில் அது முறையியல் பிழை. மணமகன் வீட்டார் சொல்லும் நியாயத்தைச் சமூகக் காரணமாக எடுத்துக்கொண்ட பிழை அது. தற்கொலையை ஆராய்ந்த எமில் துர்க்கைம், தனிமனித நோக்கங்களுக்கு அப்பாலுள்ள சமூகக் காரணங்களைத் தேடியது 1897இல். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முதற்படி பாடநூல் வரை வந்து சேரவில்லை.

நல்ல நூலையும் தேர்வு கெடுத்துவிடும். 2021 டிசம்பர் 1 அன்று நடந்த சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் தேர்வில், 2002 குஜராத் வன்முறை எந்த ஆட்சியில் நடந்தது என்று நான்கு விடைகளுடன் ஒரு கேள்வி வந்தது. வாரியம் அன்றே அதைப் பொருத்தமற்றது என்று அறிவித்தது. அரசியல் கூச்சல் ஒருபுறம் இருக்கட்டும். கேள்விக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. நூலின் பத்தி, 1984 டெல்லியையும் 2002 குஜராத்தையும் அருகருகே வைத்து, இரு பெரிய கட்சிகளின் ஆட்சிகளிலுமே இத்தகைய வன்முறை நடந்ததைச் சுட்டியது. அந்த ஒப்பீட்டை வெட்டி எறிந்து, ஒரு கட்சிப் பெயரை மட்டும் நினைவுச் சோதனையாக்கியது வினாத்தாள். பின்னர் பாடச்சுமைக் குறைப்பில் பத்தியே நீங்கியது.

மாற்று என்ன? ஆய்வுமுறையை முதலில் வைத்து, எல்லோர் கைக்கும் எட்டும் ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. ஒரு வகுப்பு சில வாரப் பக்கங்களைச் சேர்த்து அட்டவணை போடட்டும்: எந்தத் தகவல் முதலில் வருகிறது, சாதியும் உட்பிரிவும் எங்கே நிற்கின்றன, சம்பளம் யாருக்கு எழுதப்படுகிறது, நிறம் யாருக்கு. அகமணம் என்ற சொல் வருமுன்பே அதன் பிடி புலப்பட்டுவிடும். 'சாதி தடையில்லை' என்னும் விளம்பரங்களைத் தனியே பிரித்தால் இன்னும் சுவை கூடும். அவற்றில் சில, அடுத்த வரியிலேயே பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் விலக்கிவிடுகின்றன. தடையில்லை என்பது எதுவரை என்று இதைப் பார்த்த மாணவருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. விளம்பரம் கொடுக்க வசதியுள்ளோர் மட்டுமே இதில் இருக்கிறார்கள் என்று ஒருவர் ஆட்சேபித்தால், கூறெடுத்தல் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சொந்தத் தெருவையும் வகுப்பறையையுமே களமாக்கலாமே என்பது ஒரு வாதம். இதில் நான் எச்சரிக்கையாக இருக்கவே விரும்புகிறேன். சாதி பற்றிய கருத்துக்கணிப்பை வகுப்புக்குள் நடத்தினால், பெயர் சொல்லாமல் கடந்துகொண்டிருந்த தலித் மாணவர் எல்லோர் முன்னும் அடையாளம் சொல்ல நேரும். அப்போது விலையைக் கொடுப்பது ஒரு தரப்பு மட்டுமே. அச்சிட்ட விளம்பரத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. யாரையும் அடையாளம் காட்டாமல் சாதியைப் பயில, என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் சந்தை பற்றிய இயலும் உதவும். பஸ்தர் வாரச்சந்தையையும் நகரத்தாரின் கடன் வணிகத்தையும் அது எடுத்துக்காட்டாகத் தருகிறது. செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றுலாப் படங்களில் மட்டும் பார்த்த மாணவர், அந்தத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் சாதி உறவே வங்கியாக இயங்கியதை அறிய இது வழி.

எஞ்சுவது மதிப்பெண். சி.பி.எஸ்.இ.யில் இப்போது எழுத்துத் தேர்வுக்கு 80, செயல்திட்டத்துக்கு 20. இந்த 20க்குள் களப்பணியை அடைத்துவிட்டு, 80இல் வரையறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மமில்லை. 80க்குள்ளேயே ஒரு வினாவாவது மாணவர் முன்பு பார்த்திராத விளம்பரப் பக்கத்தையோ மக்கள்தொகை அட்டவணையையோ தந்து, அதிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று கேட்க வேண்டும். விடைக்குறிப்பில் ஒரே விடை இருக்காது. திருத்தும் நேரம் கூடும். மறுமதிப்பீட்டு விண்ணப்பங்களும் கூடலாம். வாரியங்கள் இவ்வகை வினாவைத் தவிர்ப்பதற்கு முதற்காரணம் இந்த நிர்வாகச் செலவுதான் என்று கருதுகிறேன். பாடத்தின் கடினம் அதற்கு அடுத்ததே.