கமம் என்னும் சொல்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஒருவரை அணுகி, “உமது தொழில் யாது?” என வினவினால், “கமம்” என்னும் ஒற்றைச் சொல்லே விடையாக வருதல் உண்டு. தமிழகத்தார்க்கு இது எளிதில் விளங்காது. அங்கே வழங்குவது ‘விவசாயம்’. அதுவும் வடசொல்லே; முயற்சி, உறுதி என்பனவே அதன் முதற்பொருள். சிங்களத்தில் இன்றும் அது தொழின்முயற்சியையே குறிக்கின்றது. எமது கமமோ வேறு வழியால் வந்தது.

நேயர்களே, ‘கமம்’ என்னும் உரிச்சொல் நிறைவு என்னும் பொருளில் தொல்காப்பியத்திலே உண்டு. நீர் நிறைந்த மேகத்தைச் சங்கப் புலவர் ‘கமஞ்சூல்’ என்ற அடையால் சிறப்பித்தனர். ஆதலின், களஞ்சியத்தை நிறைப்பதே கமம் என்று பொருள் கூற ஆசை எழும். அழகிய விளக்கந்தான், ஆயினும் சங்க நூல்களில் அச்சொல் உழவைக் குறித்து வழங்கக் காணோம்.

வடமொழியிற் கிராமம் எனப்படுவது பாளியிலே ‘காம’ என நின்று, சிங்களத்தில் ‘கம’ எனக் குறுகிற்று. கொடிகாமம், பனங்காமம், தம்பலகாமம் என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றிலே நெடில் வடிவத்தைக் காணலாம். மன்னார்ப் பெரியகமத்திலே குறில் வடிவம் நிற்கின்றது. இவ்வீற்றைக் காட்டி நிலத்துக்கே உரிமை பேசுவோர் இரு மொழியாரிலும் உளர். சொல் நடந்த வழியைத்தான் ஊர்ப்பெயர் காட்டும். காணி உறுதியாக அதனைக் கொள்ளுதல் தகாது.

ஊர் எங்ஙனம் உழவாயிற்று? கண்டி இராச்சியத்து நிலமுறையை நோக்குக. அரசனுக்குரியது கபடாகம, பிரபுக்களுக்கு வழங்கப்பட்டது நிந்தகம, விகாரைக்குரியது விகாரகம. இங்கே ‘கம’ என்பது வீடுகள் கூடிய ஊர் மாத்திரமன்று. வயலும் அதனைப் பயிரிடுவோர் ஆற்றவேண்டிய ஊழியமும் சேர்ந்த உடைமை. ஊரிலிருந்து காணிக்கும், காணியிலிருந்து அதிற் செய்யும் தொழிலுக்கும் பொருள் இறங்கியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

அவ்வுடைமைப் பொருள் ‘கமக்காரன்’ என்னும் சொல்லில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலே சேற்றில் இறங்கி உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள், நிலமுடையவரைக் ‘கமக்காரன்’ என்றே விளித்தனர். கே. டானியலின் நாவல்களிலே அவ்விளி மீண்டும் மீண்டும் ஒலிக்கக் கேட்கலாம். உழுதவன் ஒருவன்; உழவின் பெயரைத் தாங்கியவன் மற்றொருவன்.

1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்பவனுக்கு அவ்வயலிலே பாதுகாப்பு அளிக்க முயன்றது. 1979 இல் கமநல சேவைகள் சட்டமும், 2000 இல் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. இன்று ஊர்தோறும் ‘கமக்காரர் அமைப்பு’ என்னும் பெயர்ப்பலகையைக் காண்கின்றோம். சொந்த வயல் உடையவரும், குத்தகைக்குச் செய்பவரும் அங்கே ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர்.