எதை நம்பி ஏறுவது?

மோட்டார் வைத்த சைக்கிளின் கதையைச் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் யந்திரத்தின் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை வேகம் என்பதோடு சரித்திரம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஏறி உட்கார்ந்தவன் எலும்பு முறியாமல் வீடு திரும்பினானா என்பதைத் தீர்மானித்தவை அதிகம் பேசப்படாத உறுப்புகள்: பெல்ட், சங்கிலி, பற்றவைக்கும் கருவி, பிரேக்.

பாரிஸில் குடியேறிய ரஷ்யர்களான வெர்னர் சகோதரர்கள் 1897-ல் ஒரு வண்டி செய்தார்கள். சிறு யந்திரம் ஒன்றை முன்சக்கரத்துக்கு மேலே உட்கார வைத்து, தோல் பெல்ட்டினால் அச்சக்கரத்தைச் சுழற்றினார்கள். பாரமெல்லாம் உச்சியில், ஈரச் சாலையில் சக்கரம் சறுக்கினால் நிமிர்த்துவது கஷ்டம். விழுந்தாலும் அதோடு போகாது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைப்பதற்காக ஒரு சிறு குழாயைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி வைத்திருந்தார்கள். சாய்ந்த வண்டியில் பெட்ரோலும் சுடரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பின்னர் அவர்களே சுடரைக் கைவிட்டு மின்பொறிக்கு மாறினார்கள். 1901 வாக்கில் யந்திரத்தையும் பெடலுக்கருகே, சட்டத்தின் அடியில் இறக்கினார்கள். மோட்டார் சைக்கிளில் யந்திரம் இன்றும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் பந்தயங்களில் வீரனுக்கு முன்னால் காற்றைத் தடுத்துக்கொண்டு ஓட மோட்டார் வண்டிகளை விடுவது வழக்கம். பாதிப் பந்தயத்தில் அவை மூச்சு நின்றுபோவதும் வழக்கம். ஸ்வீடனில் பிறந்த ஆஸ்கார் ஹெட்ஸ்ட்ராம் செய்த வண்டி மட்டும் நம்பகமாக ஓடியது. பந்தய வீரராக இருந்து சைக்கிள் முதலாளியான ஜார்ஜ் ஹெண்டி இதைக் கவனித்தார். சாதாரண மனிதன் ஓட்டக்கூடிய வண்டி ஒன்றை அவரிடம் கேட்டார். ஹெட்ஸ்ட்ராம் கார்புரேட்டரைத் தாமே வடிவமைத்தார். பலரும் தோல் பெல்ட்டை நம்பிய காலத்தில் சங்கிலியைத் தேர்ந்தார். தோல் நனைந்தால் வழுக்கும், நாளாக நாளாக நீளும். சங்கிலி சத்தம் போடும், எண்ணெய் கேட்கும், வெடுக்கென்று இழுக்கும், ஆனால் வழுக்காது. 1901-ல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் செங்குத்தான மேடு ஒன்றில் அந்த வண்டி ஊரார் பார்க்க ஏறிக் காட்டியது. 'இந்தியன்' மோட்டார் சைக்கிள் பிறந்தது அப்படித்தான்.

யுத்தம் முடிந்த ஜப்பானில் சோயிசிரோ ஹோண்டாவுக்குத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. 1946-ல், ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த சிறு யந்திரங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றை அப்படியே சைக்கிளில் மாட்டி விற்றிருந்தால் வாங்க ஆள் இருந்திருக்கும். தட்டுப்பாட்டுக் காலம் அது. அவரோ ஒவ்வொன்றையும் பிரித்து, திருத்தி, மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்த்த பிறகே விற்றார். வெந்நீர்ப் புட்டியைப் பெட்ரோல் தொட்டியாக வைத்துப் பார்த்தவரும் அவர்தான். கிடைத்த பொருளைக் கொண்டு வேலை செய்தாரே தவிர, கிடைத்தபடி அதை நம்பிவிடவில்லை. பழைய சரக்கு தீர்ந்ததும் 1947-ல் சொந்த யந்திரம் செய்தார்.

இன்று பழைய பாணியில் மோட்டார் சைக்கிள் கட்டுகிற அன்பர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வளைந்த ஹாண்டில்பார், தோல் ஆசனம், பித்தளை விளக்கு எல்லாவற்றையும் தேடி வாங்குகிறார்கள். தேடட்டும். ஆனால் சைக்கிளின் சட்டமும் சக்கரமும் பிரேக்கும் மனிதக் காலின் பலத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. கால் களைக்கும், யந்திரம் களைப்பதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி 40-ல் போனால், அதை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. யந்திரச் சங்கிலியின் பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தின் மெல்லிய கம்பிகளில் கவ்வவிட்டால், முழு இழுப்பும் அந்தக் கம்பிகள் மேல்தான் விழும். சக்கரத்தின் குடத்தில் பொருத்தினால் அந்தத் தொல்லை குறையும்.

ஆகவே பணம் குறைவாக இருந்தால் முதலில் பிரேக்குக்கும், பிறகு சக்கரத்துக்கும், அதற்கும் பிறகு சங்கிலிக்கும் செலவழிப்பதே புத்திசாலித்தனம். யந்திரம் மக்கர் செய்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் தள்ளிக்கொண்டு வர ஆள் இருக்கவேண்டுமே!