மார்பில் எழுதிய பெயர்

1992ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் கிரிக்கெட் நடந்தபோது நான் பள்ளிச் சிறுவன். ஆட்டங்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தமையால் விடியலுக்கு முன்பே எழுந்து எதிர்வீட்டுத் தொலைக்காட்சியின் முன் இடம்பிடிக்க வேண்டியிருந்தது. மெல்பர்ன் மைதானத்தில் இம்ரான் கான் கோப்பையை ஏந்தி நின்ற புகைப்படத்தைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருந்தேன். அத்தொடரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருந்தோம்: பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் உலகக்கோப்பை. பென்சனும் ஹெட்ஜஸும் பழங்காலத்து ஆட்டக்காரர்கள் இருவர் என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அது ஒரு சிகரெட்டின் பெயர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அறியாமையை நினைத்து வெட்கப்பட்ட காலம் உண்டு. இப்போது யோசித்துப் பார்க்கையில், என்னிடம் அந்த நிறுவனம் எதிர்பார்த்தது அதைத்தான் என்று தோன்றுகிறது. ஒரு பெயர் தான் விற்கும் பொருளிலிருந்து கழன்று, ஆட்டத்தின் பெருமையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புகையிலை நிறுவனங்கள் கற்றுத் தேர்ந்த இந்தக் கலையை நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் நிறுவனங்கள் எவ்வாறு பின்தொடர்ந்தன என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அரை நூற்றாண்டு வரலாறு தெளிவான சான்று.

*

ஆஸ்திரேலியாவில் வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரத்தைப் படிப்படியாகக் குறைத்து 1976இல் முற்றாகத் தடை செய்தார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வேறொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பும்போது தற்செயலாகத் திரையில் தெரியும் பெயர் விளம்பரமாகக் கருதப்படவில்லை. மைதானத்து வேலியில் எழுதிய பெயர் நாள் முழுவதும் 'தற்செயலாக'த் தெரிந்துகொண்டிருந்தது. கிரிக்கெட்டை பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் ஏற்றுக்கொண்டது. சிட்னியின் ரக்பி லீக் போட்டி 1982 முதல் 1995 வரை வின்ஃபீல்டு கோப்பை என்றே வழங்கியது, வின்ஃபீல்டும் சிகரெட்டே.

இதை எதிர்த்த மருத்துவர்களுக்கு விளையாட்டு அமைப்புகள் சொன்ன பதில் ஒன்றுதான்: இந்தப் பணம் போனால் ஆட்டமே போய்விடும். அந்தப் பதிலுக்கு விக்டோரியா மாநிலம் கண்ட மறுமொழி மிக எளிமையானது. புற்றுநோய்த் தடுப்பு அமைப்பின் தலைவராக இருந்த மருத்துவர் நைஜல் கிரேயும் மாநிலச் சுகாதார அமைச்சர் டேவிட் ஒயிட்டும் முன்னின்று 1987இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தனர். புகையிலைமீது 5 விழுக்காடு கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையை விக்ஹெல்த் என்ற புதிய அறக்கட்டளைக்கு அளித்தனர். சிகரெட் நிறுவனங்கள் தந்துவந்த பணத்துக்கு ஈடான பணத்தை விளையாட்டுக் கழகங்களுக்கும் கலை அமைப்புகளுக்கும் அந்த அறக்கட்டளை தந்தது. சிகரெட்டின் பெயர் இருந்த இடத்தில் புகைப்பதை நிறுத்தச் சொல்லும் வாசகம் ஏறியது.

1992இல் நாடு முழுமைக்குமான தடைச் சட்டம் வந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கும் 2006இல் முடிவுக்கு வந்தது. கிரிக்கெட் 1996இலேயே சிகரெட்டைக் கைவிட்டிருந்தது. ஆட்டம் அழியவில்லை. முன்னைவிடச் செழித்தது.

*

ஆனால் காலியான இடம் காலியாகவே இருப்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் கால்பந்துக் கழகத்தின் சட்டையில் 2010 முதல் வுட்சைடு என்னும் எரிவாயு நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது. 2018இல் அலின்டா எனர்ஜி ஆஸ்திரேலிய ஆடவர் கிரிக்கெட் அணியின் முதன்மை விளம்பரதாரராயிற்று. மெல்பர்னுக்குக் கிழக்கே லாட்ரோப் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் லாய் யாங் பி நிலையம் அந்நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2021இல் சான்டோஸ் என்னும் எரிவாயு நிறுவனம் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் போட்டியின் பங்காளியாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சிகரெட்டை ரசிகர் கடையில் வாங்குவார். அதன் விளம்பரத்துக்குப் பொருள் உண்டு. வுட்சைடு விற்கும் திரவ எரிவாயுவின் பெரும்பகுதி கப்பலேறிக் கிழக்காசிய நாடுகளுக்குச் செல்கிறது. ஃப்ரீமாண்டில் ரசிகர் எவரும் ஒரு கப்பல் எரிவாயு வாங்கப் போவதில்லை. பின் எதற்காக அவர் நேசிக்கும் ஆட்டக்காரரின் மார்பில் அந்தப் பெயர்?

நிறுவனத்துக்கு அவர் வாடிக்கையாளராக வேண்டியதில்லை, குடிமகனாகவே வேண்டியிருக்கிறார். புதிய எரிவாயு வயலுக்கு உரிமம் கோரும் நாளில், சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கும் நாளில், வரி பற்றிய விவாதம் எழும் நாளில் அவர் எதிர்த்துப் பேசாதிருக்க வேண்டும். "நம் குழுவுக்கு உதவும் நிறுவனம்தானே" என்ற ஒரு சிறு இளக்கம் அவர் மனத்தில் இருந்தால் போதும். வுட்சைடு இயக்கும் வடமேற்குக் கடற்பகுதி எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிக்க மாநில அரசு 2024 டிசம்பரிலும் நடுவண் அரசு 2025 செப்டம்பரிலும் ஒப்புதல் அளித்தன. சட்டையில் இருந்த பெயரால்தான் ஒப்புதல் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு நீளும் முடிவுகளை எடுக்கும் ஒரு சமூகத்தில் நல்லெண்ணத்துக்கு விலை உண்டு; அந்த விலையைத்தான் நிறுவனம் கொடுக்கிறது.

*

புகையிலையின் தீமை புகைத்தவரின் நுரையீரலில் தெரிந்தது. நிலக்கரியின் தீமை மைதானத்திலேயே தெரியத் தொடங்கியது. 1910இலிருந்து ஆஸ்திரேலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 1.5 டிகிரி உயர்ந்துள்ளது. 2018 ஜனவரி 7 அன்று சிட்னியில் ஆஷஸ் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது, அந்நகரின் மேற்கேயுள்ள பென்ரித்தில் 47.3 டிகிரி பதிவாயிற்று. மறுநாள் இங்கிலாந்துத் தலைவர் ஜோ ரூட் மருத்துவமனைக்குச் சென்று திரும்பி வந்து மட்டை பிடித்தார். ஆட்டத்தைத் தொடர இயலாமல் பாதியில் விலகினார். வயிற்றுக்கோளாறும் சேர்ந்திருந்ததால் முழுப்பழியையும் வெயிலின்மேல் போடுவது முறையாகாது.

அடுத்து வந்தது ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. 2019 டிசம்பர் 21 அன்று கான்பெராவில் நடந்த பிக் பேஷ் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடிய அணி ஐந்து ஓவர்கூட முடிக்கவில்லை. காட்டுத்தீயின் புகை மைதானத்தை மூடிவிட ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் ஸ்லோவேனிய வீராங்கனை டலிலா யாகுபோவிச் இருமி இருமி முழந்தாளிட்டு, ஆட்டத்திலிருந்து விலகினார். அந்தக் கோடையின் தீயில் நேரடியாக மாண்டவர்கள் மட்டும் 33 பேர். அத்தகைய தீக்கு ஏதுவான வானிலை உருவாகும் வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் குறைந்தது 30 விழுக்காடு கூட்டியிருந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் கணித்தனர். டென்னிஸுக்கு எரிவாயு நிறுவனம் பங்காளியாக வந்தது இத்தனைக்கும் பிறகுதான்.

*

நம் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்றொரு புலவர் வருகிறார். வறுமையின் கொடுமையை அவரைப் போல் பாடியவர் சிலரே. அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்கவில்லை. தன் தகுதி அறியாது தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தான் வணிகன் அல்லன் என்பது அவர் கருத்து. இரந்து வாழ்ந்த ஒருவரிடம் மறுக்கும் உரிமை இருந்தது என்பதே அப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என்னை நிறுத்தும் இடம்.

இந்த வரலாற்றிலும் மறுத்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய அணித்தலைவர் பாட் கம்மின்ஸ் அலின்டா பற்றிய தன் மனக்குறையைக் கிரிக்கெட் வாரியத்திடம் தெரிவித்ததாக 2022இல் செய்தி வந்தது. ஒப்பந்தம் ஓராண்டு முன்னதாக 2023 ஜூனில் முடிந்தது. இதற்கும் தலைவரின் கருத்துக்கும் தொடர்பில்லை என்றே வாரியம் கூறியது. சான்டோஸ் ஓராண்டிலேயே டென்னிஸிலிருந்து விலகியது. 2022இல் நாவலாசிரியர் டிம் விண்டன், மேற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதலமைச்சர் கார்மென் லாரன்ஸ் உள்ளிட்டோர் வுட்சைடைக் கைவிடுமாறு ஃப்ரீமாண்டில் கழகத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். கழகம் உடனே இணங்கவில்லை.

கம்மின்ஸை ஏசியவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். விமானத்தில் பறக்கிறார், மின்விளக்கொளியில் ஆடுகிறார், அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றார்கள். நியாயமான கேள்விதான். சிகரெட் இன்றி வாழலாம், மின்சாரம் இன்றி வாழ இயலாது. ஆனால் ஒரு பொருளைப் பயன்படுத்துவது வேறு, அதன் புகழ்பாடியாக நிற்பது வேறு. கடன் வாங்கி வாழ்பவரெல்லாம் வட்டிக்காரரின் விளம்பரப் பலகையைச் சுமக்க வேண்டுமென்பதில்லை. மாற வேண்டிய ஓர் உலகில் மாறாதிருப்பதற்கான நேரத்தை நிறுவனம் விலைக்கு வாங்குகிறது. ஆட்டக்காரர் அதற்குத் தன் மார்பைத் தருகிறார்.

மறுப்புக்கு விலையும் உண்டு. அதே 2022 அக்டோபரில், பழங்குடியினர் பற்றிச் சுரங்க அதிபர் லாங் ஹான்காக் 1984இல் கூறிய கொடுஞ்சொற்களை முன்னிட்டு, பழங்குடி வீராங்கனை டானெல் வாலம் தயங்கினார். தோழியர் அவர் பக்கம் நின்றனர். ஹான்காக் நிறுவனம் நெட்பால் அணிக்குத் தருவதாயிருந்த 1.5 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அது பெரிதும் இரும்புத்தாது நிறுவனம், வழக்கும் வேறு. ஆயினும் அடுத்து நடந்தது நம் பேச்சுக்கு உரியது. சில நாட்களில் விக்டோரியா மாநிலத்தின் சுற்றுலா அமைப்பு அதே அளவு தொகையை அளிக்க முன்வந்தது. 1987இல் செய்ததை அம்மாநிலம் மீண்டும் ஒருமுறை செய்தது எனலாம்.

*

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 1996இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மண்ணில் நடந்தது வில்ஸ் உலகக்கோப்பை. நம் ஆட்டக்காரர்களின் மார்பிலும் 2001 வரை அந்தச் சிகரெட்டின் பெயரே இருந்தது; 2003இல் சட்டம் அதற்கு வழியடைத்தது. 2022இல் சவூதி எண்ணெய் நிறுவனமான அராம்கோ உலகக் கிரிக்கெட் அமைப்பின் பங்காளியாயிற்று. மறு ஆண்டு உலகக்கோப்பை இந்தியாவில் நடந்தது. அப்போது தில்லியின் காற்று மாசால் வங்கதேசமும் இலங்கையும் பயிற்சியைக் கைவிட நேர்ந்தது. 2024 ஏப்ரலில் அராம்கோ உலகக் கால்பந்து அமைப்புடனும் ஒப்பந்தம் செய்தது. அதை எதிர்த்து அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகள் கடிதம் எழுதினர்.

என் மாணவர் ஒருவரிடம் அராம்கோ என்றால் என்ன என்று கேட்டேன். "கிரிக்கெட்டில் வருமே ஐயா" என்றார். பென்சனும் ஹெட்ஜஸும் நினைவுக்கு வந்தார்கள்.