மழையரசியின் காடு

கணவனைத் தொழுது எழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். பிறகு அதையே பல வருடங்கள் வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன். அதனால்தான் தென்னாப்பிரிக்காவின் மொஜாஜி அரசிகளைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே மழையைத் தருகிறவளுக்குக் கணவன் கிடையாது. மனைவியர் இருந்தார்கள்.

நாட்டின் வடக்கே, லிம்போபோ மாகாணத்தின் மலைச்சரிவுகளில் வாழ்கிறவர்கள் பலோபெடு மக்கள். 1800 வாக்கிலிருந்து இரண்டு நூற்றாண்டுகளாக அவர்களை ஆண்டவர்கள் பெண்கள். பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் மொஜாஜி என்றே பெயர். மழையைக் கூட்டுவதும் கலைப்பதும் அவள் கையில் என்பது நம்பிக்கை. பெரிய படை இல்லாத அந்த நாட்டை அண்டை அரசர்கள் தொடத் தயங்கியதற்கும், மழை கேட்டுக் காணிக்கை அனுப்பியதற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம். குடித்தலைவர்கள் தங்கள் பெண்களை அரசிக்கு மனைவியராக அனுப்பினார்கள். இந்த ஏற்பாட்டை ஐலீன் க்ரிகே, ஜேக் க்ரிகே என்ற மானுடவியல் தம்பதி 1943இல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

அரசியின் ஊரை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. முழுக்க சைக்கட் மரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஈச்சை மாதிரி தெரியும். ஆனால் பனைக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை. பூக்காது, கூம்புதான் விடும். பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியில் இருந்த குலம் அது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நிதானமாக வளர்ந்து 10 மீட்டரையும் தாண்டும். அரசியின் மரம் என்பதால் யாரும் வெட்டுவதில்லை. இன்று அது சுமார் 300 ஹெக்டேர் காப்பகம். தோட்டங்களுக்காகவும் சேகரிப்பாளர்களுக்காகவும் சைக்கட்டுகளை வேரோடு திருடி விற்கும் கும்பல்களால் தென்னாப்பிரிக்காவில் பல இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. மொஜாஜியின் மரம் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னோர் இனத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1895இல் ஙோயே காட்டில் அதன் ஒரே ஒரு ஆண் புதரைத்தான் கண்டுபிடித்தார்கள். துணைக்கு ஒரு பெண் மரத்தைத் தேடுகிறார்கள், தேடுகிறார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை.

பழங்குடி நம்பிக்கை இயற்கையைக் காத்தது என்று இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. விறகு பொறுக்கப் போகிறவர்கள் பெண்கள். ஒரு மரத்தை வெட்டாதே என்றால், அதைத் தாண்டி இன்னும் தூரம் நடக்கிறவர்களும் அவர்களே. விலக்கை விதித்தவளும் பெண், அதற்குக் கால்வலியால் விலை கொடுத்தவளும் பெண்.

அரசி கொடுத்த விலை இன்னும் பெரியது. கடைசி ஆண் அரசன் முன்னோரின் கட்டளை என்று சொல்லித் தன் மகளையே கூடினான், அந்த உறவிலிருந்தே அரசிகளின் வரிசை தொடங்கியது என்கிறது வாய்மொழி வரலாறு. ஒரு மகள் மறுத்தாளாம், இன்னொரு மகள் இணங்கினாளாம். ‘இணங்கினாள்’ என்ற சொல்லைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதற்குள் என்ன நடந்தது என்று சொல்ல அவளை யாரும் கேட்கவில்லை. அரசி ஊர் கண்ணில் படாமல் வாழ வேண்டும். ஊரறிய மணம் செய்யக்கூடாது. யாரிடம் பிள்ளை பெறுவது என்பதையும் அரசவைதான் தீர்மானிக்கும். காலம் வந்ததும் நஞ்சு குடித்துச் சாக வேண்டும். 1854இல் முதல் மொஜாஜியும் 1894இல் இரண்டாமவரும் அப்படித்தான் போனார்கள் என்கிறார்கள். தெய்வத்தன்மை என்று பெயர் வைத்து ஒரு பெண்ணின் உடம்பை ஊர்ச்சொத்தாக்குவது நமக்கும் தெரிந்த வித்தைதான்.

ஆனாலும் இதைக் காட்டி அவளுடைய அதிகாரம் வெறும் மாயை என்று தள்ளிவிடவும் முடியாது. வெள்ளையர் அந்தப் பக்கத்தில் நிலங்களை எடுத்துக்கொண்டு பண்ணைகள் போட்டார்கள். பக்கத்து ஊருக்கு டெய்வல்ஸ்குளூஃப், அதாவது சாத்தானின் பள்ளத்தாக்கு, என்று பெயர் வைத்தார்கள். காடு மட்டும் அரசியின் பெயரோடு நின்றது. 2004இல் அந்த ஊருக்கும் அவள் பெயரையே வைத்தார்கள்: மொஜாஜிஸ்குளூஃப்.

அடுத்த வருடமே ஆறாவது மொஜாஜி மகோபோ 27 வயதில் இறந்துபோனார். அப்போது அவருடைய மகள் மசலனபோ கைக்குழந்தை. அரண்மனையில் ஒரு தரப்பார் அரசன்தான் வேண்டும் என்று சொல்லி, 2022இல் அந்தப் பெண்ணின் அண்ணனைப் பட்டத்தில் அமர்த்தினார்கள். 2024 டிசம்பரில் நாட்டின் அதிபர் அரசிக்குரிய அங்கீகாரச் சான்றிதழை மசலனபோவிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 19.